வேலூர் வெயிலில் நிற்கப்போகும் ஸ்போர்ட்ஸ் காருக்கு வண்ணம் தேர்ந்தெடுப்பது: முழுமையான வழிகாட்டி

வேலூரில் கார் பெயின்ட் பூத் நடத்துபவன் என்ற முறையில், கோடிக்கணக்கில் கொடுத்து ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிய சிலருக்குத் துணையாகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய் வந்திருக்கிறேன். எஞ்சினைப் பற்றியும் டயரைப் பற்றியும் ஆறு மாதம் விசாரித்தவர்கள், வண்ணத்தை மட்டும் ஷோரூம் சோபாவில் காபி ஆறுவதற்குள் முடித்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலர் ஓராண்டுக்குள் அந்த வண்ணத்தைப் பற்றிய புகாரோடு என் பூத் வாசலுக்கு வந்தும் நின்றிருக்கிறார்கள்.

தவறு பெரும்பாலும் ரசனையில் இருப்பதில்லை, வரிசையில்தான் இருக்கிறது. முதலில் ஒரு சாயலின் மேல் ஆசை வைத்துவிட்டு, அது எந்த வகைப் பூச்சு, எங்கே நிற்கும், யார் துடைப்பார்கள் என்பதையெல்லாம் பணம் கட்டிய பிறகு யோசிக்கிறார்கள். அந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். காரை நிறுத்தும் இடத்தில் தொடங்கிச் சாயலில் முடிக்க வேண்டும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வாங்கப்போகும் மாடல் உறுதியாகியிருக்க வேண்டும். அந்த மாடலுக்கு அந்த ஆண்டில் நிறுவனம் கொடுக்கும் வண்ணங்களின் முழுப் பட்டியலை, வண்ணக் குறியீட்டு எண்ணோடும் விலையோடும், டீலரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆர்டர் பூட்டப்படும் தேதியையும் அப்போதே கேளுங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு தொழிற்சாலையில் எதையும் மாற்ற முடியாது. ஆகவே உங்களுக்கு உண்மையில் எத்தனை நாள் இருக்கிறது என்பதை அந்தத் தேதிதான் சொல்லும்.

வீட்டுப் போர் தண்ணீரின் டி.டி.எஸ். அளவையும், அதாவது அதில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆர்.ஓ. மெஷின் பழுது பார்க்க வருபவரின் சட்டைப்பையில் இருக்கும் பேனா அளவுக் கருவியே போதும். வீட்டு கேட் அருகில் படியும் மண்ணில் ஒரு கைப்பிடி அள்ளி, சின்ன டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். இது எதற்கு என்பது ஏழாம் படியில் விளங்கும்.

டீலரிடம் தயாராக நிற்கும் ஸ்டாக் காரை வாங்குபவர்களுக்குப் பாதிப் படிகள் தேவையில்லை. அவர்கள் 1, 2, 3, 7, 10 ஆகியவற்றை மட்டும் படித்தால் போதும்.

1. கார் நிற்கப்போகும் இடத்தை முதலில் பாருங்கள்

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்து வீடுகளில் போர்ட்டிகோ பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும் காருக்குச் சொந்தமாகிவிட்டிருக்கும். புதிதாக வரும் ஸ்போர்ட்ஸ் காருக்குக் கிடைப்பது பக்கவாட்டில் போட்ட ஷீட் கொட்டகைதான். அங்கே காலை 10 மணிக்கு எந்தப் பக்கம் வெயில் விழுகிறது, மாலை 4 மணிக்கு எந்தப் பக்கம் விழுகிறது என்று இரண்டு நாள் பார்த்து வையுங்கள்.

இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம், நிறத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒன்றாக இருந்த கருப்பு, வெள்ளி நிறக் கார்கள் இரண்டை ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்திச் சோதித்துப் பார்த்தது. வெள்ளி நிறக் காரின் கூரைச் சூடு 25 டிகிரி செல்சியஸ் வரை குறைவாகவும், உள்ளே இருந்த காற்றின் சூடு 5 முதல் 6 டிகிரி வரை குறைவாகவும் இருந்தன. அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைச் சர்வ சாதாரணமாகத் தாண்டும் ஊரில், திறந்த வெளியில் நிற்கும் கருப்புக் காரின் கதவைத் திறக்கும்போது இந்த வித்தியாசம் முகத்தில் அடிக்கும். மூடிய கராஜில் நிற்கும் காருக்கு இந்தக் கவலை பாதியாகக் குறையும்.

மேலே மரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். வேப்பமரத்தடியில் பிசினும், எந்த மரத்தடியிலும் பறவை எச்சமும் விழும். எச்சத்தில் உள்ள யூரிக் அமிலம் சூடேறிய பூச்சைச் சில மணி நேரத்திலேயே அரிக்கத் தொடங்கிவிடும். பூச்சு எவ்வளவு சூடேறுகிறதோ அவ்வளவு வேகமாக அரிப்பு நடக்கும் என்பதால், இதிலும் அடர்நிறக் கார்களுக்கே சேதம் அதிகம். ஏலகிரி அடிவாரம், அமிர்தி போன்ற பக்கங்களில் வீடு இருப்பவர்கள் மயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பளபளக்கும் அடர்நிறக் கதவில் தெரியும் தன் உருவத்தை இன்னொரு மயிலாக நினைத்து அது கொத்தும்.

கொட்டகையில் நிறுத்துவதால் துணி உறை போட்டுவிடலாம் என்பதுதான் பலரின் முதல் யோசனை. தூசி படிந்த காரின்மேல் உறை போட்டால், காற்றில் அது அசையும் ஒவ்வொரு முறையும் உப்புத்தாள் தேய்ப்பது போலத் தேய்க்கும். அந்தத் தேய்ப்பு வெள்ளையில் தெரியாது, கருப்பில் கட்டாயம் தெரியும்.

2. துடைக்கும் கை யாருடையது என்று கேளுங்கள்

நம் ஊரில் காரைக் கெடுப்பதில் வெயிலுக்கு இரண்டாம் இடம்தான். முதலிடம் காலை ஆறு மணிக்கு வாட்ச்மேன் கையில் இருக்கும் காய்ந்த பனியன் வேஸ்ட் துணிக்கு. அவர் நல்ல மனதோடுதான் துடைக்கிறார். ஆனால் இரவெல்லாம் படிந்த கல்தூசியைத் தண்ணீர் இல்லாமல் வட்ட வட்டமாகத் தேய்க்கும்போது, மேல் பூச்சில் ஆயிரக்கணக்கான மெல்லிய கீறல்கள் விழுகின்றன. வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை போலத் தெரிபவை அவைதான்.

ஆகவே உங்களை நீங்களே நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: அந்தப் பழக்கத்தை உங்களால் நிறுத்த முடியுமா? காரை நீங்களே இரண்டு வாளி வைத்து, மைக்ரோஃபைபர் துணியால் கழுவுவதாகவோ, நம்பகமான டீட்டெய்லிங் ஆளை வாரம் ஒருமுறை வரவழைப்பதாகவோ இருந்தால் எந்த வண்ணமும் உங்களுக்குத் திறந்திருக்கிறது. நிறுத்த முடியாது என்றால் சாலிட் கருப்பையும் (மினுக்கும் செதில் கலக்காத கருப்பு) அடர்நீலத்தையும் இப்போதே பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

தண்ணீருக்கும் இதே கணக்குதான். பாலாற்றுப் படுகையை ஒட்டிய பல இடங்களில் போர் தண்ணீர் உப்பாக இருக்கும். கழுவிய காரை வெயிலில் காயவிட்டால் ஒவ்வொரு துளியும் ஒரு வெள்ளை வளையத்தை விட்டுச் செல்லும். டி.டி.எஸ். 500-ஐத் தாண்டினால் அடர்நிறக் காருக்கு ஆர்.ஓ. தண்ணீரில் கடைசி அலசல் தேவைப்படும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது என் பூத் அனுபவத்தில் நான் வைத்திருக்கும் அளவு. வெள்ளையிலும் வெள்ளியிலும் அதே வளையங்கள் விழும், கண்ணுக்குத்தான் எளிதில் தெரியாது.

3. நிறத்துக்கு முன் பூச்சு வகையை முடிவு செய்யுங்கள்

அதிகம் பேர் தாண்டிப் போகும் படி இதுதான். ஒரே சிவப்பு, பூச்சு வகை மாறினால் பராமரிப்பிலும் பழுதுபார்ப்பிலும் நான்கு வேறு சிவப்புகளாகிவிடும்.

முதலில் அடுக்குகளைப் புரிந்துகொள்ளுங்கள். தொழிற்சாலையில் துருத்தடுப்புப் பூச்சு, ப்ரைமர், நிறம் தரும் பேஸ் கோட், அதன் மேல் நிறமற்ற கிளியர் கோட் என்று அடுக்கடுக்காக ஏற்றுகிறார்கள். எல்லாம் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரைதான் இருக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதில் கிளியர் கோட்டின் பங்கு சுமார் 40 முதல் 50 மைக்ரான், அதாவது ஒரு தலைமுடியின் கனத்துக்கும் குறைவு. பாலிஷ் போடும் ஒவ்வொரு முறையும் அதில் சில மைக்ரான் போய்விடும் என்பதால், "கீறல் விழுந்தால் பாலிஷ் போட்டுக்கொள்ளலாம்" என்பது சில முறைக்கு மட்டுமே செல்லுபடியாகும் வாக்குறுதி.

சாலிட் பூச்சில் நிறமிகள் மட்டுமே இருக்கும். எந்தக் கோணத்தில் பார்த்தாலும் நிறம் ஏறத்தாழ ஒன்றாகத் தெரியும். பம்பரை மட்டும் மறுபடி அடிக்க நேர்ந்தால் இதில்தான் நிறத்தைச் சேர்ப்பது எளிது. முதல் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி, அதை நெடுஞ்சாலையில் உண்மையிலேயே ஓட்டப்போகிறவருக்கு என் முதல் பரிந்துரை சாலிட்தான்.

மெட்டாலிக் பூச்சில் நுண்ணிய அலுமினியச் செதில்கள் கலந்திருக்கும். அவை ஒளியைக் கண்ணாடி போலத் திருப்புவதால், நேராகப் பார்க்கும்போது வெளிச்சமாகவும் சாய்ந்து பார்க்கும்போது இருண்டும் தெரியும். காரின் வளைவுகளை எடுத்துக்காட்டுவது இந்தக் குணம்தான். பழுது பார்க்கும்போது வேலை வைப்பதும் இதுவே. செதில்கள் படுக்கும் விதம், ஸ்ப்ரே கன்னின் அழுத்தத்தையும் தூரத்தையும் பொறுத்து மாறும். அதனால் பெயின்ட் குறியீடு சரியாக இருந்தாலும், கதவு ஒரு மாதிரியும் பக்கத்து ஃபெண்டர் வேறு மாதிரியும் தெரிய வாய்ப்பு உண்டு. பக்கத்துப் பாகத்துக்கும் நிறத்தை இழுத்துக் கலந்தால்தான் கண் ஏமாறும்.

பேர்ல் பூச்சில் அலுமினியத்துக்குப் பதிலாக டைட்டானியம் டை ஆக்சைடு பூசிய மைக்காச் செதில்கள் இருக்கும். ஒளி அவற்றுக்குள் புகுந்து பிரிந்து வெளிவருவதால் கோணத்துக்கு ஏற்ப நிறமே லேசாக மாறும். இதில் பேஸ் கோட்டுக்கும் கிளியர் கோட்டுக்கும் நடுவில் இன்னொரு நிற அடுக்கு வைக்கும் மூன்றடுக்கு வகையும் உண்டு. அழகில் இதற்கு ஈடில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடு அடுக்கை எத்தனை முறை ஓட்டுவது என்பதில் ஒரு முறை கூடினாலும் குறைந்தாலும் நிறம் தப்பிவிடும். சிறிய உரசலுக்குக்கூட வண்டியைச் சென்னைக்கோ பெங்களூருக்கோ அனுப்பத் தயாராக இருப்பவர் மட்டும் எடுக்கலாம்.

மேட் பூச்சில் கிளியர் கோட்டையே ஒளியைச் சிதறடிக்கும்படி செய்திருக்கிறார்கள். இதில் பாலிஷ் போட முடியாது. போட்டால் அந்த இடம் மட்டும் பளபளத்து நிரந்தரக் கறையாகிவிடும். மெழுகும் கூடாது, பிரஷ் சுழலும் ஆட்டோமேட்டிக் வாஷும் கூடாது. கீறினால் அந்தப் பாகம் முழுவதையும் மறுபடி அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. மேட் தோற்றத்தின் மேல் ஆசை தீராதவர்களுக்கு ஒரு மாற்று சொல்லிவருகிறேன். பளபளப்பான பூச்சில் காரை வாங்கி, மேலே மேட் வகைப் பெயின்ட் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டிக்கொள்ளுங்கள். சலித்துவிட்டால் உரித்துவிடலாம், அடியில் உள்ள பெயின்ட்டும் புதிது போல இருக்கும்.

4. சட்டத்தையும் விலையையும் கொண்டு பட்டியலைக் கழியுங்கள்

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-ஆம் விதியின்படி, பாதுகாப்புத் துறை வாகனங்களைத் தவிர வேறு எதற்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது. இராணுவப் பச்சைக்கு நெருக்கமான மங்கிய பச்சைகளை விரும்புகிறவர்கள், அந்த வண்ணம் பதிவுச் சான்றில் என்ன பெயரில் ஏறும் என்று டீலரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. பிற்பாடு காரின் நிறத்தையே மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்துப் பதிவுச் சான்றிலும் மாற்ற வேண்டும் என்பதால், "பிடிக்காவிட்டால் அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்" என்று இப்போது அசட்டையாக இருக்க வேண்டாம்.

விலைக்கு வருவோம். நிறுவனத்தின் பட்டியலில் சில வண்ணங்கள் காரின் விலைக்குள் வந்துவிடும், சில கூடுதல் கட்டணத்தில் வரும். போர்ஷேயின் 'பெயின்ட் டு சாம்பிள்', லம்போர்கினியின் 'அட் பெர்சோனம்', ஃபெராரியின் 'டெய்லர் மேட்' போன்ற தனிவிருப்பத் திட்டங்களில் வரும் வண்ணங்கள் வேறொரு விலைத் தட்டில் இருக்கும், காத்திருப்புக் காலத்தையும் நீட்டும். டீலர் சொல்லும் யூரோ தொகையை அப்படியே ரூபாயாக மாற்றிப் பார்த்து முடிவெடுப்பது பெரிய பிழை. முழுதாக இறக்குமதியாகும் காரில் வண்ணக் கட்டணமும் காரின் விலையோடு சேர்ந்துவிடும். அதன்மேல் சுங்க வரியும் ஜி.எஸ்.டி.யும் ஏறும். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கார்களுக்கு விதிக்கப்படும் 20 சதவீத வாழ்நாள் வரியும், காப்பீட்டுத் தொகையும் அதற்குப் பிறகு வரும். "இந்த வண்ணம் எடுத்தால் ஆன்ரோடு விலையில் எவ்வளவு கூடும்?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

5. வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள்

வீட்டாரிடம் கடைசியில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டவர்களின் ஆர்டர்கள்தான் பூட்டும் தேதிக்கு முதல் நாள் தலைகீழாக மாறுகின்றன. "கருப்பு வேண்டாம், சனி ஆகாது" என்று அம்மா சொல்வதும், ராசிக்குச் சிவப்புதான் என்று ஜோசியர் சொல்வதும் பல வீடுகளில் நடப்பதுதான். அதைப் பற்றி எனக்குக் கருத்து இல்லை. ஆனால் எந்த நிறம் கூடவே கூடாது என்பதை மட்டும் இந்தக் கட்டத்தில் கேட்டு வாங்கிவிட வேண்டும். எது பிடிக்கும் என்று கேட்காதீர்கள். கேட்டால் ஆளுக்கு ஒரு நிறம் சொல்லுவார்கள்.

6. நிறக் குடும்பத்தை இரண்டாகக் குறையுங்கள்

இவ்வளவு கழித்த பிறகு மீதமிருப்பது பெரும்பாலும் நான்கைந்து நிறக் குடும்பங்களே. அவற்றை நம் சாலையோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் கிரஷரிலிருந்து வரும் ஜல்லி டிப்பர்களுக்குப் பின்னால் எத்தனை கிலோமீட்டர் போகப்போகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஸ்போர்ட்ஸ் காரின் மூக்கு தாழ்ந்திருப்பதால், சாதாரணக் காரின் அடிப்பக்கம் வாங்கும் கல்லடியை இதன் பம்பரும் பானெட்டும் வாங்கும். கல் தெறித்த இடத்தில் வெளிறிய ப்ரைமர் எட்டிப் பார்க்கும். அடர்நிறத்தில் அது வெண்புள்ளியாக உறுத்தும், வெள்ளியிலும் வெளிர்சாம்பலிலும் கலந்துவிடும். முன்பக்கத்துக்கு ஃபிலிம் ஒட்டப்போவது உறுதி என்றால் இந்த வேறுபாட்டுக்கு அதிக எடை கொடுக்க வேண்டாம். செராமிக் கோட்டிங் கல்லடியைத் தடுக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது தண்ணீரும் அழுக்கும் ஒட்டாமல் வழுக்கிப்போகச் செய்யும் மெல்லிய அடுக்கு மட்டுமே.

கண்ணில் படுவதும் முக்கியம். இந்தக் கார்களின் கூரை தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் உயரத்தைச் சுற்றித்தான் இருக்கும். லாரி ஓட்டுநர் உட்காரும் உயரத்திலிருந்து பார்த்தால், பக்கத்தில் ஒட்டி வரும் சாம்பல் நிறக் கார் சாலையோடு சாலையாகக் கரைந்துவிடும், அந்தி நேரத்தில் சொல்லவே வேண்டாம். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, வெள்ளை ஆகியவை அந்த விஷயத்தில் மேல். அந்தி மயங்கியதும் சிவப்பு மற்றவற்றை விட முதலில் கருத்துப்போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுவிற்பனையைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டு, மூன்று ஆண்டில் விற்றுவிடும் பழக்கமுள்ளவர்கள் அந்த நிறுவனத்தின் அடையாளமாக நிலைத்துவிட்ட நிறங்களிலோ, வெள்ளை, வெள்ளி, கருப்பு போன்றவற்றிலோ நிற்பது பாதுகாப்பு. பத்தாண்டு வைத்திருக்கப்போகிறவர் அடுத்த ஆளின் ரசனைக்காகத் தன் ஆசையை விட வேண்டியதில்லை.

7. சாயலை வெளிச்சத்தில் சோதியுங்கள்

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தப் படியை நான் விளக்கவே வேண்டியதில்லை. ஒரு லாட் தோலுக்குச் சாயம் சரியா என்று பார்க்க, துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு வெளியே பகல் வெளிச்சத்துக்கு வந்து, வாங்குபவர் அனுப்பிய மாதிரியோடு சேர்த்துப் பிடித்துப் பார்க்காமல் அவர்கள் ஒப்புதல் தருவதில்லை. அப்படிப்பட்ட ஒருவர், தன் காரின் சாயலை இரவு பதினொரு மணிக்குக் கட்டிலில் படுத்துக்கொண்டு போனில் பார்த்து முடிவு செய்தார். போனிலோ இரவு நேரத்துக்கான மஞ்சள் திரை போட்டிருந்தது.

அவர் தேர்ந்தது சாலிட் சாம்பலில் ஒன்று. திரையில் அது லேசான மஞ்சள் கலந்து, பட்டுத் துணி போல வழவழப்பாகத் தெரிந்திருக்கிறது. கார் வந்து இறங்கிய நாளில், நண்பகல் வெயிலில், மெட்டாலிக் செதில் ஒன்றுகூட இல்லாத அந்தச் சாம்பல், சிமென்ட் பூச்சு காயாத சுவர் போல நின்றது. அவருடைய அப்பா காரைச் சுற்றி வந்து, பானெட்டைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்பா, ப்ரைமரோடவே குடுத்துட்டாங்களே, பெயின்ட்டு எப்ப அடிப்பாங்க?" அந்த வண்ணத்தில் குறை ஒன்றும் இல்லை. மேகம் மூடிய ஊர்களில் அது மிக அழகாகத்தான் இருக்கும். நம் உச்சி வெயிலில் அதை ஒருமுறை பார்த்திருந்தால் அவர் எடுத்திருக்க மாட்டார்.

திரை ஒளியை உமிழ்கிறது, பெயின்ட் தன்மேல் விழும் ஒளியைத் திருப்புகிறது. ஆகவே கன்ஃபிகரேட்டரை, அதாவது திரையில் காரின் நிறத்தை மாற்றி மாற்றிப் பார்க்கும் நிறுவனத்தின் வலைப்பக்கத்தை, வண்ணங்களை நீக்கப் பயன்படுத்துங்கள், தேர்ந்தெடுக்கப் பயன்படுத்தாதீர்கள். வலைத்தளப் படங்களும் அப்படித்தான், ஃபில்டர் போடாத கார் படத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

டீலரிடம் பெயின்ட் அடித்த மாதிரித் தகடுகள் இருக்கும். சில நிறுவனங்களில் உள்ளங்கை அளவுக் கார் வடிவத்தில் அடித்து வைத்திருப்பார்கள். வளைவு இருப்பதால் அதுவே சிறந்தது. ஷோரூம் விளக்குகள் காரை மின்ன வைப்பதற்காகவே பொருத்தப்பட்டவை, அங்கே பார்க்கும் பார்வையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். தகட்டை வாசலுக்கு எடுத்து வரச் சொல்லுங்கள். வேலூரிலிருந்து சென்னை சுமார் 140 கிலோமீட்டர், பெங்களூரு 200-க்குக் கொஞ்சம் மேல். எந்த ஊர் என்றாலும் காலையிலேயே கிளம்பி, நண்பகல் 12 மணிக்கும் மாலை 5.30-க்கும் அங்கே இருக்கும்படி திட்டமிடுங்கள். இருட்டிய பிறகு தெருவிளக்கின் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்புங்கள். பகலில் ஒன்று போலத் தெரியும் இரண்டு சாயல்கள் எல்.இ.டி. விளக்கில் பிரிந்து தெரிவதுண்டு.

பார்க்கும் முறை இது. கூலிங் கிளாஸைக் கழற்றுங்கள். வெள்ளைச் சட்டையோ வெளிர்சாம்பல் சட்டையோ அணிந்திருங்கள், சிவப்புச் சட்டை பளபளக்கும் தகட்டில் பட்டு நிறத்தை மாற்றும். தகட்டைப் படுக்க வைத்துப் பானெட்டாகவும், நிமிர்த்திப் பிடித்துக் கதவாகவும், சாய்த்துப் பின்பக்கமாகவும் பாருங்கள். பிறகு யாரிடமாவது பிடிக்கச் சொல்லிவிட்டுப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். பேர்ல் வகையில் பலவற்றின் மினுமினுப்பு பத்தடிக்கு மேல் மறைந்துவிடும். அப்போது மீதமிருக்கும் நிறத்துக்குத்தான் நீங்கள் கூடுதல் பணம் கொடுக்கப்போகிறீர்கள்.

இப்போது டப்பாவில் கொண்டுவந்த மண்ணை எடுங்கள். தகட்டின் பாதியில் ஒரு சிட்டிகையை மெல்ல ஊதிவிட்டுப் பாருங்கள், தேய்க்க வேண்டாம். வாரத்தில் ஆறு நாள் உங்கள் கார் இருக்கப்போகும் நிலை அதுதான். ஷோரூம் ஊழியர் முகம் சுளிப்பார், பரவாயில்லை, தண்ணீர் ஊற்றிக் கழுவிக் கொடுத்துவிடலாம்.

சின்னத் தகட்டில் பார்ப்பதைவிடப் பெரிய பரப்பில் எந்த நிறமும் வெளிச்சமாகவும் தூக்கலாகவும் தெரியும். தகட்டிலேயே கண்ணைப் பறிக்கும் மஞ்சளும் பச்சையும் முழுக் காரில் இன்னும் உரக்கப் பேசும். அதனால் கடைசி இரண்டு சாயலுக்கு மட்டுமாவது, அதே நிறத்தில் ஓடும் ஒரு முழுக் காரைக் காட்டும்படி டீலரிடம் கேளுங்கள். மாடல் வேறாக இருந்தாலும் குற்றமில்லை.

8. கூட வரும் பாகங்களைச் சேர்த்துப் பாருங்கள்

உடல் வண்ணம் முடிந்த பிறகே சக்கரம், பிரேக் காலிப்பர் (சக்கரத்துக்குள் தெரியும் பிரேக் பிடிப்பான்), கூரை, பக்கக் கண்ணாடியின் மூடி, உள்ளே தைக்கும் தோல் ஆகியவற்றுக்குப் போக வேண்டும். இவற்றை முதலில் எடுத்தால் உடல் வண்ணம் அவற்றுக்கு அடிமையாகிவிடும். கருப்புக் காரில் கார்பன் ஸ்பிளிட்டரும் (முன் பம்பருக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தகடு) காற்றுத் துளைகளும் தெரியாமல் போய்விடும். அவற்றுக்காகத் தனியாகப் பணம் கட்டுபவர்கள் இதை யோசிக்க வேண்டும். பிரேக் தூசி கருப்பாகப் படிவதால் வெள்ளிச் சக்கரம் இரண்டு நாளில் அழுக்காகத் தெரியும். வெளிர்நிறத் தோல் நம் வெயிலுக்கு இதமானது, ஆனால் புது ஜீன்ஸின் நீலம் அதில் ஒட்டும். நம்பர் பிளேட் வெள்ளைப் பின்னணியில் கருப்பு எழுத்தாகத்தான் வரும் என்பதை மறந்து முன்பக்கத்தைக் கற்பனை செய்கிறார்கள். கன்ஃபிகரேட்டர் படத்தின் முன் பம்பரில் ஒரு வெள்ளைக் காகிதத் துண்டை வைத்துப் பாருங்கள்.

9. ஆர்டர் படிவத்தில் பெயரை நம்பாமல் குறியீட்டைப் பாருங்கள்

ஒரே நிறுவனத்தில் ஒத்த பெயருள்ள இரண்டு வெள்ளைகளும் மூன்று நீலங்களும் இருக்கும். ஒன்று சாலிட், ஒன்று மெட்டாலிக். படிவத்தில் உள்ள குறியீட்டு எண்ணும் தகட்டின் பின்புறம் எழுதியிருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டு, தகட்டையும் படிவத்தையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்து வைத்த பிறகு கையெழுத்திடுங்கள்.

10. டெலிவரி நாளில் செய்ய வேண்டியவை

காரைப் பகலில் எடுங்கள். நல்ல நேரம் இரவில் வந்தால், முதல் நாள் பகலிலேயே போய்ப் பார்த்துவிடுங்கள். பம்பர்கள் பிளாஸ்டிக், உடல் உலோகம் அல்லது கலப்புப் பொருள் என்பதால் மெட்டாலிக் நிறங்களில் இரண்டும் சேரும் இடத்தில் சாயல் விலகியிருக்கிறதா என்று காரின் மூலையில் நின்று பாருங்கள். பூச்சின் கனத்தை அளக்கும் கருவியுடன் ஒருவரை அழைத்துப் போக முடிந்தால் இன்னும் நல்லது. உலோகப் பாகம் ஒன்றில் மட்டும் அளவு இருமடங்காகக் காட்டினால், பயணத்தில் அடிபட்டு மறுபடி அடிக்கப்பட்டிருக்கலாம். அதற்கு விளக்கம் கேட்காமல் கையெழுத்திடாதீர்கள்.

ஃபிலிம் ஒட்டுவதாக இருந்தால், டெலிவரி எடுத்த ஊரிலேயே ஒட்டிவிட்டு வேலூருக்கு ஓட்டி வாருங்கள். வீட்டுக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களின் கார், முதல் கல்லடியை ஸ்ரீபெரும்புதூர் தாண்டுவதற்குள் வாங்கிவிடும். வெள்ளைக் காரில் ஃபிலிமின் ஓரங்களில் தூசி சேர்ந்து கோடாகத் தெரியும். ஓரத்தை உள்பக்கம் மடித்து ஒட்டச் சொல்லுங்கள்.

பூஜை போடும் வழக்கமுள்ள வீடுகளுக்கு இது. ரத்தினகிரிக்கோ கோட்டைக் கோயிலுக்கோ காரைக் கொண்டு போகும்போது, சந்தனமும் குங்குமமும் பானெட்டில் வைக்காமல் முன்கண்ணாடியில் வைக்கும்படி அர்ச்சகரிடம் பணிவாகக் கேட்டால் ஒப்புக்கொள்வார். மஞ்சளும் குங்குமமும் மேட் பூச்சில் இறங்கினால் எடுக்க முடியாது, வெள்ளையிலும் கறை விடும். மாலையைக் கட்டும் கம்பி கீறாமல் நூலால் கட்டச் சொல்லுங்கள். கற்பூரத் தட்டு பம்பருக்கு ஒரு முழம் தள்ளியே சுற்றட்டும். எலுமிச்சை டயருக்கு அடியில் நசுங்கும்போது சாறு தெறிக்கும். அதையும் மற்ற கறைகளையும் வெயில் ஏறுவதற்குள் சுத்தமான தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

கிளம்பும் முன் அந்த வண்ணக் குறியீட்டுக்கான டச் அப் பெயின்ட் குப்பியை டீலரிடம் கேட்டு வாங்கி, அதை டேஷ்போர்டில் வைக்காமல் வீட்டில் குளிர்ந்த அலமாரியில் வையுங்கள்.